வாழ்த்து நேரத்தில் பேசாத ஆள்

இல்லம்மா, கீழ்க் கதவப் பூட்டுனியான்னு கேக்கல. உள் தாப்பாளும் போட்டியான்னு கேட்டேன். போட்டுட்டியா, சரி. படியேறி வந்த மூச்சு அடங்கட்டும், உக்காரு. அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். கொஞ்சம் சாஞ்சாலும் மைக்குல எலும்ப ஒடிக்கிற மாதிரி கேக்கும். நேயர் ஒருத்தர் குடுத்தது, தூக்கிப் போடவும் முடியாது, தெனமும் வந்து நாற்காலி சௌக்கியமான்னு விசாரிச்சுட்டுப் போறாரு.

இங்க இருக்கிற எல்லாமே அப்படி வந்ததுதான் செலிமா. மேஜை பழைய பள்ளிக்கூடத்துது. எதிரொலி வராம இருக்க சுவரு பூரா முட்டை அட்டை ஒட்டியிருக்கு பாரு, அது இந்த ஊரு சாப்பிட்ட முட்டை. ஆலிவ் பிழியிற பருவத்துல வீட்டுக்கு ஒரு பாட்டில் எண்ணெய் வந்துரும். அத வித்துதான் கரண்டு கட்டுறோம். விளம்பரம் கிடையாது, அரசாங்கம் கிடையாது. ரேடியோ ஷ்லூக்னா கேக்குறவங்களோட ரேடியோ. நீயும் சம்பளத்துக்கு வரலன்னு எனக்குத் தெரியும். யாரும் அதுக்கு வரல.

அட, பயந்துட்டியா. அது என் பொண்ணு. லுஜைன், அக்காவுக்கு சலாம் சொல்லு. ம்... கைய மட்டும் ஆட்டுறா பாரு. மேஜைக்குக் கீழதான் அவளுக்கு வீடு. பேச மாட்டா. அந்தச் செவப்பு விளக்கு எரிஞ்சா பேசக்கூடாதுன்னு நான்தான் பழக்குனேன், மைக்கு தொறந்திருக்குல்ல, அதுக்காக. இப்போ எரியலதான். அவளுக்கு அது அணையிறதில்ல. வீட்டுல கூட ஹீட்டரோட செவப்பப் பாத்தா வாயப் பொத்திக்கிறா. போன வாரம் தெருவுல ஒரு வண்டி பிரேக் போட்டுச்சு, பின்னாடி ரெண்டு செவப்பு விளக்கு. அன்னிக்கு ராத்திரி தூங்குற வரைக்கும் ஒரு வார்த்த இல்ல.

சரி, வேலைக்கு வருவோம். நாளைக்கு நீதான் உக்காரப் போற, ஒரு தப்பு வரக்கூடாது. வந்தா என்ன ஆகும்னு கடைசியில சொல்றேன்.

இதுதான் உன் மைக்கு ஸ்லைடர். மேல தள்ளுனா ஊருக்குக் கேக்கும், கீழ இழுத்தா கேக்காது. பக்கத்துல இருக்கிறது கம்ப்யூட்டர், பாட்டும் பதிவும் அதுல வரும். கடைசியில செவப்பு டேப் சுத்தியிருக்கே, அதுதான் ஃபோன். அதுமேலதான் உன் விரல் இருக்கணும்.

காலையில மொதல்ல கடல் நிலவரம். துறைமுகத்துலேருந்து கூப்பிட்டுச் சொல்லுவாங்க, அத அப்படியே வாசி. காத்து எந்தப் பக்கம், அலை எவ்வளவு. அலங்காரம் வேணாம். படகெல்லாம் என்ஜின ஓடவிட்டுட்டு உன் வாயத்தான் பாத்துட்டு இருக்கும். நீ போகலாம்னா போகும், நில்லுன்னா நிக்கும். அதுல மட்டும் பொய் சொல்லிடாத. நான் ஒரு தடவ சொல்லியிருக்கேன். இரு, அதுவும் வரும்.

குரல் நடுங்குமான்னு கேக்குறியா. நடுங்கும். என்னையக் கன்னியாஸ்திரிங்க பள்ளிக்கூடத்துல படிக்க வச்சாங்க எங்கப்பா. அங்க மஸேர் க்ளோடில்னு ஒரு சிஸ்டர், பிரம்பே கிடையாது, ஆனா கண்ணால அடிப்பாங்க. மேடையில ஏறுனா எனக்குக் குரல் ஆடும். அதுக்கு அவங்க சொன்னது, பயம் தொண்டைக்கு மேலதான் குடியிருக்கு, நீ தொண்டைக்குக் கீழேருந்து பேசு, மெதுவா பேசு, அதுக்கு வழி தெரியாம போயிரும்னு. இன்னிக்கு வரைக்கும் அப்படித்தான் பேசுறேன். ஊர்ல எல்லாரும் ஒல்ஃபா குரல்ல என்ன ஒரு அமைதின்னு சொல்லுவாங்க. அமைதியாம்.

கடலுக்கு அப்புறம் வாழ்த்து நேரம். ஃபோன் வரும். பரீட்சையில பாஸான மச்சானுக்கு, பல்லு முளைச்ச பேத்திக்கு, சண்ட போட்டுட்டுப் போன பொண்டாட்டிக்கு. அலுக்காம கேளு. ஹாலா மப்ரூக்கான்னு ஒருத்தங்க தெனமும் வருவாங்க. ஊருக்கே ஹாலா, பெரியம்மா மாதிரி. எடுத்தவொடன திட்டுவாங்க. நேத்து என் பேர முழுங்கிட்ட, காலையில ஒண்ணும் திங்கலையா, ரேடியோக்காரிக்குத் திங்க என் பேருதான் கெடச்சுதான்னு. சிரிச்சுட்டு வாங்கிக்கோ. அப்புறம் மகன் ரம்ஸிக்கு ஒரு வாழ்த்து சொல்லுவாங்க. ரம்ஸி கொளுத்திட்டுப் போனவன். உனக்குத்தான் தெரியுமே, அடையாளக் காகிதத்தையெல்லாம் கொளுத்திட்டு ராத்திரியில அந்தக் கரைக்குப் படகேறுறது. உங்க தெருவுலயும் இருக்காங்களா. இல்லாத தெரு எது. போனாங்க, போன் பண்ணல. அவ்வளவுதான் நமக்குத் தெரிஞ்சது.

ஹாலா ஃபோன வச்சதுக்கு அப்புறம் இன்னொரு ஃபோன் வரும். அதுக்குத்தான் உன்ன இன்னிக்குக் கூப்பிட்டது.

அதுல யாரும் பேச மாட்டாங்க.

கேட்டிருக்கியா? ஆமா, ஊரே கேக்குது. மொதல் தடவ வந்தப்போ நானும் ஹலோ ஹலோன்னு கத்துனேன். மூச்சு மட்டும்தான். ஸ்லைடர இழுத்துட்டு ஒரு பாட்டப் போடலாம்னு கை போச்சு. ஆனா மூச்சுக்குப் பின்னாடி ஏதோ இரைச்சல், அலை மாதிரி. என்னவோ தோணி, நீங்க பேசலன்னாலும் பரவால்ல, நாங்க கேட்டுட்டுதான் இருக்கோம்னு சொன்னேன். வாயில வந்தது, அவ்வளவுதான். மத்தியானம் கீழ கதவு இடிபடுது. ஹாலா மப்ரூக்கா. ஒரு கால்ல செருப்பு, இன்னொரு கால்ல இல்ல. என் புள்ள வந்துட்டான், என்கூட பேசிட்டாங்கிறாங்க. பேசலையே ஹாலான்னேன். உனக்கென்னடி தெரியும், பசிச்சாக்கூட அடுப்புகிட்ட வந்து நிப்பானே தவிர வாயத் தொறக்க மாட்டான், எனக்குத் தெரியாதா அவன் மூச்சுன்னாங்க.

மறுநாள் வேற ஒருத்தி, அது என் பையன்னு. அதுக்கு மறுநாள் இன்னும் ரெண்டு பேரு. சண்ட வரும்னு நெனச்சேன். வரல. ஆளுக்குக் கொஞ்சம்னு பிரிச்சுக்கிட்டாங்க. வெள்ளிக்கிழமை உன் பையன், திங்கக்கிழமை என் பையன். ஹாலா மட்டும் எல்லா நாளும் என்னோடதுதான், மத்தவங்க சும்மா ஆசைப்படுறாங்கன்னு என் காதுல சொல்லுவாங்க.

ஃபோனுக்குப் பின்னாடி ஒரு குருவி பாடும். கவனிச்சியா? அத வச்சுதான் ஊரு அடங்குச்சு. நடுக்கடல்ல குருவி ஏது. குருவி பாடுனா அங்க மரம் இருக்கு, மரம் இருந்தா கரை இருக்கு. கரை ஏறிட்டான், வெக்கப்பட்டுக்கிட்டுப் பேச மாட்டேங்குறான். அந்த வருஷம் வந்த எண்ணெய் மாதிரி எப்பவுமே வந்ததில்ல செலிமா. அந்த ஃபேன், ஜன்னல் கண்ணாடி, எல்லாம் அந்த ஃபோனுக்கு வந்தது. அந்த மூலையில இருக்கிற முட்டை அட்டைங்கள கிட்டப் போய்ப் பாரு. பென்சில்ல போன பசங்களோட பேரு எழுதியிருக்கும். அம்மாங்க அட்டை அட்டையா எழுதிக் கொண்டாந்து, இத மைக்குப் பக்கத்துல ஒட்டும்மா, அவன் கூப்பிடுறப்போ அவன் பேரு கிட்ட இருக்கட்டும்னாங்க. சாயந்தரம் நான் தனியா இங்க உக்காந்திருந்தா அந்தச் சுவரு மூச்சு விடுற மாதிரி இருக்கும். விளையாட்டுக்குச் சொல்லல.

நானும் நம்புனேன். மைக்க மூடிட்டு அழுதிருக்கேன்.

ஆனா இந்த ஹெட்ஃபோன மாட்டுனா ஊருக்குக் கேக்காதது நமக்குக் கேக்கும். போடு, சும்மா போட்டுப் பாரு. எங்கயோ தண்ணி சொட்டுறது கூடக் கேக்குதுல்ல. அந்த ஃபோன்ல எனக்கு மொதல்ல கேட்டது என் குரல். நான் பேசி முடிச்சதுக்கு ஒரு நொடி பின்னாடி, சின்னதா, தகரத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி. கேட்டுட்டுதான் இருக்கோம்னு நான் சொன்னா, இருக்கோம்னு அங்கேருந்து திரும்பி வரும். ரெண்டு மூணு நாளு கழிச்சுதான் உறைச்சுது. கூப்பிடுற ஆளு பக்கத்துலயே நம்ம ரேடியோ ஓடுது. நம்ம ரேடியோ எவ்வளவு தூரம் எட்டும்? ஊருக்கு வெளிய அந்தச் செக்குமேடு தாண்டுனா ஒரே இரைச்சல். அந்தக் கரைக்கு எங்க எட்டும்.

அப்போ கூப்பிடுறவன் இங்கதான் இருக்கான்.

அப்புறம் குருவிய ஒழுங்காக் கேட்டேன். மக்னீன். ஆமா, மூஞ்சி செவப்பு, றெக்கையில மஞ்சக் கோடு. நம்ம ஆம்பளைங்களுக்குப் பொண்டாட்டிக்கு மேல அது. குஞ்சுலயே கூண்டத் துணியால மூடி, நல்லாப் பாடுற குருவியோட பாட்ட கேசட்டுல போட்டுப் போட்டுப் பழக்குவாங்கல்ல. ஒருத்தன் வச்சிருந்த கேசட்டுல ஒரு எடத்துல டேப்பு மடங்கிப் போச்சு. பாட்டு ஏறி ஏறிப் போயி, அந்த எடத்துல விக்கிட்டு நின்னுரும். குருவிக்கு அது கோளாறுன்னு தெரியுமா. அதையும் சேத்தே கத்துக்கிச்சு. ஏறும், ஏறும், விக்கும். நிறுத்தும். மறுபடி மொதல்லேருந்து. அப்படிப் பாடுற குருவி உலகத்துல ஒண்ணுதான் செலிமா. நாலு வருஷம் அது கூண்ட நான் கழுவியிருக்கேன்.

ஆமா. லஸாத். லுஜைனோட அப்பா. ஸ்ஃபாக்ஸ் ரோட்டுல ஷேர் வண்டி ஓட்டுறான், கூண்டு கண்ணாடிக்குப் பக்கத்துல தொங்கும். அலை மாதிரி கேட்டதுன்னு சொன்னேனே, அது ரோடு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கையில மாவுக்கட்டோட இவளத் தூக்கிக்கிட்டு எங்க சித்தி வீட்டுக்கு வந்தப்போ, அவன் தேட மாட்டான்னு நெனச்சேன். குருவி செத்தாதான் அழுவான், அப்படிப்பட்ட ஆளு. அப்புறம் ஊர்ல குரல் நல்லாருக்கு குரல் நல்லாருக்குன்னு சொல்லி என்ன மைக்குல உக்கார வச்சாங்க. நானும் மறந்துட்டேன், குரல் எங்க வேணும்னாலும் போகும்னு.

சொன்னேன்மா, போலீஸுல போய்ச் சொன்னேன். அந்த மேஜையில இருந்தவரு பேனா மூடியத் தொறந்து கேட்டாரு, ஃபோன்ல என்ன சொன்னான்? ஒண்ணும் சொல்லல. மிரட்டுனானா? இல்ல. திட்டுனானா? இல்ல. பேனாவ மூடிட்டாரு. பேசாததுக்கு எந்தச் சட்டத்துல எழுதுறதும்மா, எங்க வீட்டுலயும் யாரும் என்கிட்ட பேசுறதில்லன்னாரு. சிரிக்க வச்சுதான் அனுப்புனாரு.

எதுக்குக் கூப்பிடுறான்னு எனக்கு அப்போ புரியல. பயமுறுத்தன்னு நெனச்சேன். ஒரு நாளு புரிஞ்சுது. வழக்கமா மூச்சு, ரோடு, குருவி. அன்னிக்கு அதுக்குப் பின்னாடி சின்னப் பசங்க சத்தம். சேந்து பாடுறாங்க, ஆட்டுக்குட்டி பாட்டு. லுஜைனோட பாலர் பள்ளியில தெனமும் அந்த நேரத்துக்கு முத்தத்துல நிக்க வச்சு பாடுவாங்க. பள்ளிக்கூட வாசல்ல நின்னுக்கிட்டு எனக்கு ஃபோன் பண்ணியிருக்கான். நான் இந்த மைக்க விட்டு அசைய முடியாதுன்னு அவனுக்குத் தெரியும். நான் எங்க இருக்கேன்னு ஊருக்கே தெரியிற நேரம் அது ஒண்ணுதான். இவகிட்ட நான் இல்லாத நேரமும் அதுதான்.

ஊரே கேட்டுட்டு இருக்கு. என்னத்தச் சொல்ல. மஸேர நெனச்சுக்கிட்டேன். தொண்டைக்குக் கீழேருந்து, மெதுவா, வாழ்த்து சொல்ற குரல்லயே சொன்னேன். அடுத்த வாழ்த்து தோட்டத் தெரு பாலர் பள்ளி ஸாமியா டீச்சருக்கு, இதோ மணல் காத்து வந்துட்டு இருக்கு, புள்ளைங்கள உள்ள கூட்டிட்டுப் போய் கதவுகள அடைச்சுடுங்க, இப்பவே. வானம் எப்படி இருந்துச்சு தெரியுமா, கழுவி வச்ச தட்டு மாதிரி. ஆனா காத்து விஷயத்துல இந்த ரேடியோ பொய் சொல்லாதுல்ல. டீச்சர் நிமிந்துகூடப் பாக்கலையாம், பசங்கள அள்ளி உள்ள போட்டு இரும்புக் கதவ சாத்தியிருக்காங்க. ஊரு பூரா துணி எடுக்குது. படகெல்லாம் வலைய அறுக்காத குறையா திரும்பி வருது. ஒரு இலை அசையல. அன்னிக்கு நான் வாங்குன வசவு... அம் ஹஸூனா தெரியும்ல, கீழ ஐஸ் வண்டி ஓட்டுறவரு, அவரு மேல ஏறி வந்து, ஏம்மா, காத்த கண்ணால பாத்தியா கனவுல பாத்தியான்னாரு. அவருகிட்ட மட்டும் உண்மையச் சொன்னேன். தொப்பியக் கழட்டி மடியில வச்சுக்கிட்டாரு.

சாயந்தரம் ஹாலா மப்ரூக்கா வந்தாங்க. வசவுக்குத்தான்னு தயாரா இருந்தேன். என் கையப் புடிச்சுக்கிட்டு சொல்றாங்க, கேட்டியா, இன்னிக்குப் பின்னாடி சின்னப் பசங்க பாடுனாங்க. நல்ல எடத்துலதான் இருக்கான் ஒல்ஃபா. புள்ளைங்க இருக்கிற எடம்.

என்ன சொல்லுவ நீ? நானும் ஆமா ஹாலான்னுதான் சொன்னேன்.

மறுநாளுலேருந்துதான் இவ மேஜைக்குக் கீழ.

ஒரு தடவ அவன் ஃபோன எடுக்காம விட்டுப் பாத்தேன். பாதிப் பாட்டுல ஜன்னல் வழியா எட்டிப் பாக்குறேன், எதிர்ல அவன் வண்டி நிக்குது. இப்போ தெனமும் அங்கதான் நிறுத்துறான். நான் எடுத்துப் பேசிட்டு இருக்கிற வரைக்கும் வண்டிய விட்டு எறங்க மாட்டான். காதுல ஃபோன், பக்கத்துல ரேடியோ, தலைக்கு மேல குருவி. எடுக்கலன்னா எறங்குவான். அதனாலதான் சொல்றேன், அந்த ஸ்லைடர். வாழ்த்து நேரம் முடியிற வரைக்கும் கீழ்க் கதவ யாருக்கும் தொறக்காத, ஹாலாவே வந்தாலும்.

அவங்ககிட்ட சொல்லிடாத. கேட்டியா? எந்த அம்மாகிட்டயும் அது யாருன்னு சொல்லிடாத. அவன் என்னிக்காவது நிறுத்துவான். அன்னிக்கு எத்தன வீட்டுல திரும்பவும் ஒரு தடவ சாவு விழும்னு எனக்கு நெனச்சுப் பாக்க முடியல. அதுக்கு என்ன பண்ணணும்னும் தெரியல. நீ அந்த நேரத்துக்கு ஸ்லைடரத் தள்ளியே வை. யாரும் கூப்பிடலன்னாலும் கொஞ்ச நேரம் தொறந்தே இருக்கட்டும். அவங்க எதையாவது கேட்டுக்குவாங்க.

நானா? நான் வருவேன், வழக்கம் போல வருவேன். காலையில இவ கையப் புடிச்சுக்கிட்டு முன்வாசல் வழியாத்தான் ஏறுவேன், அவன் பாக்கணும்ல. இந்தா, கம்ப்யூட்டர்ல பச்சைக் கலர்ல ஒரு ஃபோல்டர் இருக்கு பாரு. ஒல்ஃபான்னு பேரு. மொதல் பட்டன் காலை வணக்கம், நடுவுல டீ உறிஞ்சுற சத்தம் கூட வச்சிருக்கேன். அதுலயே சொல்லியிருக்கேன், இன்னிக்குக் கடல் நிலவரத்தையும் வாழ்த்தையும் நம்ம புதுப்பொண்ணு செலிமா பாத்துக்குவான்னு. அதனால அதெல்லாம் நீ வாசி. பேசாத ஃபோன் வந்தா மட்டும் அடுத்த பட்டன். நீங்க பேசலன்னாலும் பரவால்ல, நாங்க கேட்டுட்டுதான் இருக்கோம். விதவிதமா பதிஞ்சு வச்சிருக்கேன், ஒண்ணுல இருமல், ஒண்ணுல காகிதம் சலசலக்கும். ஒரே மாதிரி ரெண்டு நாளு போட்டுடாத, அவனுக்குக் காது ஜாஸ்தி.

ஏன் அழுவுற. அழாத, நாளைக்கு மைக்குல மூக்கு உறிஞ்சுனா ஹாலா உன்னையும் திட்டுவாங்க. இங்கேருந்து ஐஸ் கிடங்குக்கு உள் படி ஒண்ணு போகுது, பாத்திருக்க மாட்ட, அலமாரிக்குப் பின்னாடி. அம் ஹஸூனா பின்பக்கம் வண்டிய வச்சிருப்பாரு. தூனிஸுக்கு மீன் போற வண்டி, முன்னாடி மூணு பேரு உக்காரலாம். அங்க எனக்கு எடம் பாத்திருக்காங்க. எங்கன்னு உனக்குத் தெரிய வேணாம். நீ என் குரலத் தள்ளிவிட்டா போதும். குரல் மேல இருக்கிற வரைக்கும் அவன் கீழ இருப்பான்.

வண்டியில ரேடியோ இருக்கு. கேட்டுக்கிட்டேதான் போவோம். நீ கடல் நிலவரம் வாசிக்கிறத, ஹாலா திட்டுறத, அப்புறம் என்ன. செக்குமேடு தாண்டுனா இரைச்சல்தான் வரும்னு சொன்னேன்ல.

அங்க வச்சு இவகிட்ட சொல்லணும், செவப்பு விளக்கு அணைஞ்சுருச்சுடி, இனிமே பேசலாம்னு.